குட்டி நீலநாக்கு அரணை ஏன் வேறெங்கும் இல்லை?

கேள்வி: தெற்கு ஆஸ்திரேலியாவில் மட்டும் இருக்கிற இந்த அரணை அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்களாமே, திரும்ப எப்படிக் கிடைத்தது? இப்போது ஏன் அந்தச் சின்னப் பகுதியில் மட்டும்?

பதில் 1: 1959க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. 1992இல் பர்ரா ஊர்ப் பக்கம் செத்துக் கிடந்த ஒரு பழுப்புப் பாம்பின் வயிற்றுக்குள் இருந்தது. அப்புறம்தான் தேடிப் போய் உயிரோடு கண்டுபிடித்தார்கள்.

பதில் 2: எல்லாம் வளையால்தான். இது தானாகக் குழி தோண்டாது, சிலந்திகள் தோண்டி விட்டுப்போன செங்குத்தான வளைக்குள் இருந்துகொண்டு, வாசலில் தலையை மட்டும் நீட்டி, பக்கத்தில் வரும் வெட்டுக்கிளியைப் பிடிக்கும். கோதுமைக்காக நிலத்தை உழுதால் சிலந்தியும் போச்சு, வளையும் போச்சு. அதனால் ஏர் படாத மேய்ச்சல் நிலங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. அந்த நிலங்களை இனியும் உழவே கூடாது.

கேட்டவர்: சரி, ஆடு மேய்ந்தால் கெடுதல் இல்லையா?

பதில் 2: அளவாக மேய்ந்தால் நல்லதுதான். புல் அடர்ந்துவிட்டால் வாசலிலிருந்து இரை தெரியாது. துளையிட்ட மரக்குழாயை மண்ணில் இறக்கிக் கொடுத்தாலும் குடியேறிவிடுகிறது, எனக்கு ரொம்ப நம்பிக்கை தருவது அதுதான். வெப்பம் கூடுவதால், பிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலவற்றைத் தெற்கே குளிர்ந்த இடங்களுக்கு மாற்றியும் பார்க்கிறார்கள்.