அம்மா நாளைக்கு ராத்திரி கிளம்புறாங்க, மலேசியாவுக்கு விசா வேணுமா வேணாமா?

கெடிலக்கரை
எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, அவருக்கு இங்க வேலை. அம்மாவும் தம்பியும் நாளைக்கு ராத்திரி சென்னையில ஃப்ளைட் ஏறுறாங்க. கடலூர்ல டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் "விசாவே வேணாம், பாஸ்போர்ட்டை நீட்டினா சீல் குத்திடுவான்"னு சொல்லிட்டார். இன்னைக்கு மேல் வீட்டுக்காரங்க, விசா இல்லாம வந்த ஒரு பாட்டியை ஏர்போர்ட்லயே உட்கார வச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு சொன்னதுல இருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அம்மா விமானம் ஏறுறதே இதுதான் முதல் தடவை. தெரிஞ்சவங்க யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

நெல்லித்தோப்பு
பயப்படாதீங்க சிஸ்டர். விசா கிடையாது. 90 நாள் தாராளமா இருக்கலாம். எங்க பெரியப்பா வந்து பினாங்கு, மலாக்கா எல்லாம் சுத்திட்டுப் போனார். ஒரு கேள்வி கேக்கல.

பரங்கிப்பேட்டை பாய்
தப்பு. இ-விசா கட்டாயம். நான் வீட்டுல கூட்டிட்டு வரும்போது போட்டோ பின்னணி வெள்ளையா இல்லைன்னு திருப்பித் திருப்பி அனுப்பி உயிரை எடுத்தான். ஒரே நாள்ல எல்லாம் முடியாது. பேசாம டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்க.

ஓ.டி. ஆளு
விசாவை விடும்மா, அம்மாவும் தம்பியும் வந்தா தங்க இடம் இருக்கா? அதை முதல்ல யோசி. நான் வந்த புதுசுல ஸ்தாப்பாக்ல ஒரே ரூம்ல எட்டு பேரு. ஃபேன் ஒண்ணு. காத்து யாரு மேல படணும்னு தினம் சண்டை. தனி வீடு பாக்கலாம்னு போனா ரெண்டு மாச வாடகை டெபாசிட், கரண்டு தண்ணிக்கு அரை மாசம், அது போக முதல் மாச வாடகை, எல்லாத்தையும் மொத்தமா எண்ணி வைன்னான். சம்பளமே இன்னும் வரல, எங்க போறது? அந்தத் தீபாவளிக்கு ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் தின்னுட்டுப் படுத்தேன். இப்ப வர்றவங்களுக்கு எல்லாம் சுலபமா இருக்கு.

கெடிலக்கரை
அண்ணே, வீடு இருக்கு, ரெண்டு ரூம். ஒருத்தர் 90 நாள்னு சொல்றீங்க, ஒருத்தர் விசா வேணும்னு சொல்றீங்க. எதை நம்புறது?

வில்லியனூர்–பாரிஸ்
நெல்லித்தோப்பு தம்பி, உங்க பெரியப்பா சொல்தாவா, அதான் பிரெஞ்சு பட்டாளத்துக்காரரா? அவர் கையில இருக்கிறது எந்த பாஸ்போர்ட்டு?

நெல்லித்தோப்பு
ஆமா அண்ணே, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குறார். பிரெஞ்சு பாஸ்போர்ட்தான்.

வில்லியனூர்–பாரிஸ்
அதான பாத்தேன். அந்த 90 நாள் பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கு. கெடிலக்கரைத் தங்கச்சி அம்மாவுக்கு அது பொருந்தாது. நம்ம பாண்டிச்சேரியில இது ஒரு தீராத குழப்பம். 1962 ஆகஸ்ட் 16-ல பாண்டிச்சேரியை பிரான்ஸ் இந்தியாகிட்ட ஒப்படைச்ச ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்ப, ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுத்தவங்க பிரெஞ்சுக்காரங்களா இருந்துட்டாங்க, கொடுக்காதவங்க இந்தியர் ஆயிட்டாங்க. எங்க தெருவுல அண்ணன் பேரன் பிரான்சுக்கு விசா இல்லாம வந்து இறங்குறான். தம்பி பேரன் 90 யூரோ கட்டி, பேங்க் ஸ்டேட்மென்ட்டு, வீட்டுப் பத்திரம், கல்யாண போட்டோ வரைக்கும் கொடுத்துட்டு வாசல்ல நிக்கிறான். இல்லைன்னு சொன்னாலும் அந்த 90 யூரோ திரும்பாது. அதே பிரெஞ்சுக்காரன் இந்தியாவுக்குத் தன் சொந்த வீட்டுக்குப் போகணும்னா விசாவோ, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்குக் கொடுக்கிற ஓசிஐ கார்டோ வேணும், அது வேற கதை.

பரங்கிப்பேட்டை பாய்
நம்ம நீல பாஸ்போர்ட்டுக்கு எங்கதான் மரியாதை? சிங்கப்பூர்க்காரன் பக்கத்துலயே இருக்கான், அங்க போகவும் விசா. பூட்டான், நேபாளம் போனாத்தான் நிம்மதி.

ஓ.டி. ஆளு
ஏஜென்டுங்களைச் சொல்லணும். டிக்கெட் வித்தமா, கமிஷன் எடுத்தமான்னு இருப்பானுங்க. போன் பண்ணா அப்புறம் எடுக்கவே மாட்டானுங்க. நான் வந்தப்ப ஒருத்தன்...

மஞ்சக்குப்பம்–கிள்ளான்
ஓ.டி. அண்ணே, உங்க கதையை அப்புறம் கேக்கலாம், அந்தப் பொண்ணு பதறிக்கிட்டு நிக்குது.

கெடிலக்கரை, கேளும்மா. இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் 1-ல இருந்து மலேசியா விசா கேக்கிறதில்ல. முதல்ல ஒரு வருஷத்துக்குன்னு சொல்லி, அப்புறம் 2026 டிசம்பர் 31 வரைக்கும் நீட்டினாங்க. பாய் சொல்ற இ-விசா அதுக்கு முந்தின காலம். ஆனா விசா இல்லைன்னா கேள்வி இல்லைன்னு அர்த்தம் கிடையாது. அதிகபட்சம் 30 நாள். வர்றது ஊர் பாக்க, சொந்தக்காரங்களைப் பாக்க, அவ்வளவுதான். ஆறு மாசத்துக்குக் குறையாம பாஸ்போர்ட் செல்லுபடியாகணும், திரும்புற டிக்கெட் இருக்கணும், தங்கற விலாசம் இருக்கணும், கையில செலவுக்குக் காசு இருக்கணும். எல்லாத்துக்கும் மேல எம்டேக், மலேசியாவோட டிஜிட்டல் அரைவல் கார்டு. வர்றதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போடணும். காசு கிடையாது. காசு கேட்டா அது போலி சைட்டு, மூடிடு. விலாசத்துல ஜி-ஓ-வி டாட் எம்-ஒய் இருக்கான்னு பாத்துட்டுப் போடு.

இப்ப நீ சொல்லு. அம்மாவுக்கு வயசு என்ன? எத்தனை நாள் தங்கப் போறாங்க? ரெண்டு பேருக்கும் ரிட்டன் டிக்கெட் இருக்கா? தம்பி என்ன பண்றான்?

கெடிலக்கரை
அக்கா ரொம்ப நன்றி. எம்டேக்னு ஒண்ணு இருக்கிறதையே ஏஜென்ட் சொல்லல. அம்மாவுக்கு 56. எனக்கு அடுத்த மாசம் டெலிவரி, அதுக்குத்தான் வர்றாங்க. ஒரு மூணு மாசம் இருந்துட்டுப் போகலாம்னு. ரிட்டன் அம்மாவுக்கு மட்டும் போட்டிருக்கு, மூணு மாசம் கழிச்சு. தம்பிக்கு ஒன்வே.

மஞ்சக்குப்பம்–கிள்ளான்
தம்பிக்கு ஏன் ஒன்வே?

கெடிலக்கரை
அவனுக்கு இங்க ஒரு சாப்பாட்டுக் கடையில வேலை சொல்லியிருக்காங்க அக்கா. அதே ஏஜென்ட்தான். இப்போதைக்கு டூரிஸ்டா உள்ள போயிடு, போனதும் பெர்மிட் போட்டுடலாம்னார். ஒன்றரை லட்சம் பேசி, பாதி கொடுத்தாச்சு. தம்பி பத்தாவது முடிக்கல.

துபாய் பண்ருட்டியான்
இதுல என்ன இருக்கு? ஊரு உலகமே விசிட்லதான் போய் வேலை தேடுது. நானே விசிட்ல வந்து, இன்டர்வியூ அட்டெண்ட் பண்ணி, உள்ள இருந்தபடியே ஸ்டேட்டஸ் மாத்தினவன். அந்த முதல் ரெண்டு மாசம் தேராவுல பெட் ஸ்பேஸ்ல கிடந்து பட்ட பாடு இருக்கே, மூட்டைப்பூச்சி கடிச்ச தழும்பு இன்னும் போகல. தம்பியைத் தைரியமா வரச் சொல்லுங்க.

மஞ்சக்குப்பம்–கிள்ளான்
பண்ருட்டித் தம்பி, துபாய் சட்டம் துபாயில. அமீரகத்துல உள்ள இருந்தே விசிட்டை வேலை விசாவா மாத்த வழி வச்சிருக்கான். இங்க அப்படி இல்ல. கடை வேலைக்கு ஆள் எடுக்கணும்னா முதலாளி வெளிநாட்டு ஆள் எடுக்கிறதுக்கான கோட்டா வாங்கி, ஆள் ஊர்ல இருக்கும்போதே அனுமதி வாங்கி, அதை வச்சு விசா எடுத்து வரணும். பந்திக்குக் கூப்பிட்டவன் சமையக்கட்டுல போய் கரண்டி பிடிக்க முடியுமா? விசா இல்லாத நுழைவுங்கறது பந்தி மட்டும்தான்.

அந்தப் பையன் கதை எப்படி முடியும்னு நான் சொல்றேன். பத்தாவது முடிக்காதவன்னா பாஸ்போர்ட் இசிஆரா இருக்கும், அதாவது சில நாட்டுக்கு வேலைக்குப் போக நம்ம அரசாங்கத்துகிட்ட அனுமதி வாங்க வேண்டிய வகை. அந்த அனுமதி கேக்கிற 18 நாட்டுல மலேசியாவும் ஒண்ணு. சுத்திப் பாக்கத்தான் போறேன்னு சொன்னாலும் ரிட்டன் டிக்கெட்டைக் காட்டுன்னு சென்னையிலயே கேப்பாங்க. ஒன்வேயோட நின்னா விமானமே ஏற மாட்டான். எப்படியோ ஏறி வந்தாலும் இங்க கவுன்ட்டர்ல சந்தேகம் வந்துச்சுன்னா உள்ள விடாம அடுத்த ஃப்ளைட்ல திருப்பிடுவாங்க. அதையும் தாண்டி உள்ள வந்துட்டான்னு வை, அதுதான் இருக்கிறதுலயே மோசம். 30 நாள் முடிஞ்ச மறுநாள்ல இருந்து அவன் கள்ளக் குடியேறி. குறைஞ்சது 10,000 ரிங்கிட் அபராதம், இல்லைன்னா அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். ரெய்டு வந்தா கடைக்காரன் பின் கதவைத் திறந்து ஓடுன்னுவான். பாஸ்போர்ட் அவன் மேசை டிராயர்ல கிடக்கும்.

வில்லியனூர்–பாரிஸ்
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. தாய்லாந்துக்கு விசா வேணாம்னு சொல்லி டூரிஸ்டா அழைச்சிட்டுப் போய், அங்க இருந்து எல்லை தாண்டி மியான்மர்ல மியாவடிப் பக்கம் ஆன்லைன் மோசடிக் கூடாரத்துல அடைச்சாங்களே, அதுவும் இதே மாதிரி ஆரம்பிச்சதுதான்.

நெல்லித்தோப்பு
பாவம், பாதிப் பணம் கொடுத்துட்டாங்களே. இனி அது வருமா?

மஞ்சக்குப்பம்–கிள்ளான்
வருதோ இல்லையோ, மீதியைக் கொடுக்கக் கூடாது. லைசென்ஸ் இருக்கிற ரெக்ரூட்டிங் ஏஜென்ட் சேவைக் கட்டணமா வாங்கலாம்னு இருக்கிறதே 30,000 ரூபாய், மேல ஜிஎஸ்டி. ஒன்றரை லட்சம்னு வாயைத் திறக்கும்போதே தெரிஞ்சிருக்கணும். வெளியுறவு அமைச்சகத்தோட இமைக்ரேட் சைட்ல லைசென்ஸ் இருக்கிற ஏஜென்டுங்க பட்டியல் இருக்கு, பேரு இருக்கான்னு தம்பியையே பாக்கச் சொல்லு. பேரு இல்லைன்னா ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, பணம் போட்ட கணக்கு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போலீஸ்ல புகார் கொடுங்க. சென்னையில குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கு, அங்கயும் கொடுக்கலாம். நீங்க கடலூர்ங்கறதால தமிழ்நாட்டு அயலகத் தமிழர் நலத்துறைகிட்டயும் கேக்கலாம். பாண்டிக்காரங்களுக்கு அது இல்ல, அவங்க வேற அரசாங்கம்.

கெடிலக்கரை
அப்ப தம்பி வேணாம் அக்கா, இப்பதான் போன்ல சொன்னேன். கோவிச்சுக்கிட்டு வெச்சுட்டான். ஆனா அம்மா தனியா எப்படி வருவாங்க? மூணு மாசம் தங்க முடியாதுன்னா டெலிவரிக்கு யாரு இருப்பா?

மஞ்சக்குப்பம்–கிள்ளான்
அழாத. உன் வீட்டுக்காரருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ்ஸா? எந்த கேட்டகரின்னு கேளு. ஒண்ணு, ரெண்டுன்னா அவரோட அப்பா அம்மாவுக்கும் மாமனார் மாமியாருக்கும் நீண்டகால சோஷியல் விசிட் பாஸ் கேக்கலாம். நாம நேரா போய் வாங்கறது இல்ல, கம்பெனி மூலமா இஎஸ்டியில, அதான் வெளிநாட்டு ஊழியர்களுக்கான இமிகிரேஷன் பிரிவுல போடணும். எச்ஆர்கிட்ட நாளைக்குக் காலையிலயே பேசச் சொல்லு. 30 நாளை நீட்டிக்கலாம்னோ, எல்லையைத் தாண்டிட்டுத் திரும்பி வந்தா புதுசா 30 நாள் கிடைக்கும்னோ யாராவது சொன்னா நம்பாத. சிங்கப்பூருக்கு அம்மாவுக்கு விசா வேணும், அது இல்லாம ஜொகூர்ல போய் நின்னுக்கிட்டு என்ன பண்றது?

அதனால முதல் வேலை, அம்மாவோட ரிட்டன் தேதியை 30 நாளுக்குள்ள மாத்து. நீ போட்டிருக்கிற மூணு மாச டிக்கெட்டைக் காட்டினா கவுன்ட்டர்ல முதல் கேள்வியே அதுதான். டெலிவரி அடுத்த மாசம் எந்த வாரம்னு டாக்டர்கிட்ட கேட்டு, ரெண்டு வாரம் தள்ளி வரச் சொன்னாலும் தப்பில்ல, அந்த 30 நாள் குழந்தை பொறந்த பிறகு உனக்கு உதவும்.

எங்க அத்தை வந்தப்ப எத்தனை நாள்னு ஆபீசர் கேட்டார். "பேரன் பொறந்ததும் போயிடுவேன்"னுச்சு. என்னைக்குப் பொறப்பான்னு கேட்டதுக்கு, "அது பெருமாளுக்குத்தான் தெரியும்"னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு. தமிழ் தெரிஞ்ச ஆபீசரா இருந்ததால சிரிச்சுட்டு ரிட்டன் டிக்கெட்டைக் கேட்டு விட்டுட்டார். உங்க அம்மா கையில ஒரு தாள்ல இங்கிலீஷ்ல எழுதிக் கொடு. உன் பேரு, வீட்டு விலாசம், போன், உன் வீட்டுக்காரர் பாஸ் நம்பர், திரும்புற தேதி. பாஸ் நகல் ஒண்ணும் பின் பண்ணு. டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்துடு, போன்ல சார்ஜ் போயிட்டா ஒண்ணும் காட்ட முடியாது. தனியா வர்றாங்கன்னா ஏர்லைன்ஸ்ல சொல்லி வீல்சேர் கேளு, நடக்க முடிஞ்சாலும் பரவாயில்ல, தள்ளிட்டு வர்ற பையன் கவுன்ட்டர் வரைக்கும் கூடவே இருப்பான்.

பரங்கிப்பேட்டை பாய்
பாஸ்போர்ட் ஆறு மாசம் இருக்கான்னு இப்பவே பாருங்க. நான் சொன்னது பழைய கதைதான் போல.

கெடிலக்கரை
2031 வரைக்கும் இருக்கு பாய். அவர் எச்ஆர்கிட்ட பேசிட்டார், கேட்டகரி ரெண்டு, போடலாம்னு சொல்லியிருக்காங்க. டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். அம்மா டிக்கெட்டைத் தள்ளி மாத்தி வாங்கியாச்சு, கொஞ்சம் காசு போச்சு. எம்டேக் மூணு நாளுக்கு முன்னாடிதான் போட முடியும்கறதால அப்ப போட்டுக்கறேன். அம்மா கருவாடும் வடகமும் கட்டி வச்சிருக்காங்க, கொண்டு வரலாமா?

ஓ.டி. ஆளு
கருவாடு வேணாம்மா. மீனு, கறி, செடி, விதை எல்லாத்துக்கும் ஏர்போர்ட்ல சோதனை பண்றவன் அனுமதி கேப்பான், பிடுங்கிக் குப்பையில போட்டுடுவான். வடகம் சூட்கேஸ்ல வைக்கச் சொல்லு. மறக்காம அம்மா டிக்கெட்ல டெர்மினல் 1-ஆ 2-ஆன்னு பாத்துட்டுப் போ, ரெண்டும் தள்ளித் தள்ளி இருக்கு.