பிஎம் 2.5 சென்சார்: சுத்தம் செய்தால் போதுமா, மாற்றத்தான் வேண்டுமா?

நண்பர்களே, ஒரு வாரமாக என் காரின் திரையில் பிஎம் 2.5 (காற்றிலுள்ள நுண்தூசி) அளவு 999-லேயே நிற்கிறது. கண்ணாடியை இறக்கினாலும் ஏற்றினாலும் அசையவில்லை. பக்கத்தில் வைத்த கையடக்க மீட்டரோ 30-ஐத் தாண்டவில்லை, அதனால் காற்றைக் குறை சொல்ல முடியாது. ஏசி ஃபில்டர் புதிது, ஃபியூஸ் சரி. சென்சாரின் கனெக்டரைக் கழற்றி மாட்டியும் பார்த்துவிட்டேன்.

லேசர் ஒளி தூசியில் பட்டுச் சிதறுவதை வைத்துத்தானே இது அளக்கிறது? லென்ஸிலேயே தூசி படிந்துவிட்டதோ என்று சந்தேகம். உள்ளிருக்கும் குட்டி விசிறியின் சத்தமும் கேட்கவில்லை (முன்பு கேட்டதா என்பதும் நினைவில்லை!). ஒர்க்‌ஷாப்பில் கோளாறைக் காட்டும் ஸ்கேனர்கூடப் போடாமல் முழு யூனிட்டையும் மாற்றச் சொல்கிறார்கள்.

யாராவது திறந்து சுத்தம் செய்திருக்கிறீர்களா? அப்புறம், புதிது மாட்டினால் கோடிங் (காரின் கம்ப்யூட்டரில் அதைப் பதிவு செய்வது) தேவையா, அப்படியே வேலை செய்யுமா?