புதுப்பிப்பு: உடைந்த பெட்டிக்குப் பணம் வந்துவிட்டது

வெளிநாட்டிலிருந்து விமானத்தில் கோவையில் வந்து இறங்கியபோது பெட்டியின் ஒரு சக்கரம் அடியோடு பிய்ந்து, மூலையில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு உடைந்திருந்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். அது ஒருவழியாக முடிந்தது.

சக்கரம், கைப்பிடி போவதெல்லாம் சாதாரணத் தேய்மானம், நாங்கள் பொறுப்பில்லை என்றுதான் விமான நிறுவனத்திடமிருந்து முதலில் பதில் வந்தது. நான் விடவில்லை. பீளமேடு விமான நிலையத்தில் வெளியே வருவதற்கு முன்பே கவுண்டரில் எழுதி வாங்கிய சேத அறிக்கை, பெல்ட் பக்கத்திலேயே எடுத்த போட்டோ, பேக்கேஜ் டேக், பெட்டி வாங்கிய பில், ‘இதைச் சரி பண்ண முடியாதுங்க’ என்று சொன்ன திருப்பூர் கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு, எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி அனுப்பினேன். வெளிநாட்டு விமானப் பயணங்களுக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். நான் மூன்றாம் நாளே கொடுத்திருந்தேன், அதையும் தேதியோடு காட்டினேன்.

விமானப் பயணிகள் புகார் கொடுக்கும் மத்திய அரசுத் தளமான ஏர்சேவாவில் புகார் போட்ட பிறகுதான் போன் வந்தது. வவுச்சர் தருகிறோம் என்றார்கள்; வேண்டாமுங்க, பணமாகவே கொடுங்கள் என்றேன். பில் தொகையில் முக்கால் பங்கு நேற்று அக்கவுண்டில் ஏறியது.

அன்றைக்கு அப்பா ‘வரிசை நீளமா இருக்குது, வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம் வா சாமி’ என்றார். நின்று அந்த அறிக்கையை வாங்கியதுதான் கடைசி வரை கை கொடுத்தது. இதே சிக்கலில் இருப்பவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசிப் பாருங்கள்.