இலையுதிர்காலத்தில் கிரீனைத் துளைத்தே ஆக வேண்டுமா?

நாலடி பட்:
எங்கள் கோல்ஃப் கிளப்பில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். அடுத்த வாரம் 18 கிரீனிலும், அதாவது குழியைச் சுற்றியுள்ள ஒட்ட வெட்டிய புல்தரை எல்லாவற்றிலும், துளை போட்டு மணல் தள்ளப் போகிறார்களாம். மூன்று வாரத்துக்குப் பட்டிங் (பந்தைக் குழிக்கு உருட்டுவது) சுமாராகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும் என்று கீழே ஒரு வரி. கோடை முழுக்க வெயிலில் காய்ந்தோம். இப்போதுதான் வெக்கை இறங்கி, கிரீன் வழவழவென்று வந்து, பந்து பார்த்த கோட்டில் ஓடுகிறது. சரியாக இந்த நேரம் பார்த்துத்தான் சல்லடை ஆக்க வேண்டுமா? சந்தாவில் மட்டும் ஒரு காசு குறையாது. வருஷா வருஷம் செய்கிறோம், அதனால் செய்கிறோம் என்பதைத் தவிர இதில் வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

புல்வெட்டி:
நான் அந்த இயந்திரத்தின் பின்னால் நடக்கிறவன். என் பேச்சில் சாய்வு இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வழவழப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பராமரிப்பு ஆட்களிடம் கேட்டால் ஒரு மண் உருளை எடுத்துக் காட்டுவார்கள். மேல்பகுதி பழுப்பாக இருக்கும், விரலால் அமுக்கினால் தண்ணீர் கசியும். செத்த தண்டும் வேரும் மக்காமல் சேர்ந்துபோன அடுக்கு அது. தாட்ச் என்போம். கிரீனில் போடும் பென்ட்கிராஸ் என்ற புல் அதை ஓயாமல் சேர்த்துக்கொண்டே இருக்கும். கோடை முழுக்க மிதித்த கால்களும் தினமும் ஓடிய இயந்திரமும் மண்ணை வேறு இறுக்கிவிட்டிருக்கும். தண்ணீர் இறங்காது, காற்றும் போகாது. முற்றிப்போனால் உருளையின் நடுவில் ஒரு கருப்புக் கோடு தெரியும், முகர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம். அப்படியே விட்டால் அடுத்த கோடையின் முதல் அனல் வாரத்திலேயே கிரீன் படுத்துவிடும்.

பென்ட்கிராஸ் போல மிதமான குளிரில் வளரும் புல் வகைகளுக்கு மண் வெப்பம் 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதுதான் வேர் நன்றாக ஓடும். கோடையில் சுருங்கிய வேர் மறுபடி கீழே இறங்குவது இப்போதுதான். போன வருஷத் துளை ஒன்றைக் கத்தியால் பிளந்து பாருங்கள். மணல் நிரம்பிய அந்த வழியே வெள்ளை வேர் கொத்தாக இறங்கியிருக்கும். பக்கத்து இறுகிய மண்ணில் அரை அங்குலத்தோடு நின்றிருக்கும்.

நாலடி பட்:
வேர்க் கதை சரி. ஆனால் அந்த வெப்பநிலை வசந்தத்திலும் வருகிறதே? இல்லையென்றால் ஆளே வராத நடுக்குளிரில் போட்டுத் தொலைக்கலாமே?

புல்வெட்டி:
நடுக்குளிரில் புல் வளராது. போட்ட துளை வசந்தம் வரை வாயைப் பிளந்துகொண்டே கிடக்கும். மண்ணை வெளியே எடுக்காமல் 20, 25 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஊசியாகக் குத்தும் வேலையைக் குளிரில் செய்யலாம், பலர் செய்கிறார்கள். அது வடிகாலுக்கு நல்லது, தாட்ச் ஒரு கிராம்கூடக் குறையாது. வசந்தத்தில் போடுகிறவர்களும் உண்டு. அங்கே உங்களைப் போல ஒருவர், ‘சீசன் ஆரம்பிக்கும்போதா துளைப்பீர்கள்’ என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.

அருகு:
எந்தப் புல் என்று யாருமே கேட்கவில்லையே? எங்கள் கிரீன் பெர்முடா, அருகம்புல் வகை. அதை மும்முரமாக வளரும் கோடையில்தான் துளைக்க வேண்டும். மண் 10 டிகிரிக்கு இறங்கினால் அது உறங்கப் போய்விடும், அப்புறம் காயம் ஆறாது. வீடியோ பார்த்துவிட்டு இலையுதிர்காலத்தில் பெர்முடாவைத் துளைக்கிற கமிட்டிகளை நான் அறிவேன்.

பெர்முடாக்காரர்களுக்கு இந்தப் பருவத்து வேலை வேறு. மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் கிளப்பில் ஃபேர்வேக்களின் (கிரீன் வரை நீளும் புல்வெளிகளின்) அடியில் இருப்பது பெர்முடா. இலையுதிர்காலத்தில் அதன்மேல் ரைகிராஸ் என்ற குளிர் தாங்கும் புல்லை விதைக்கிறார்கள். ஏப்ரலில் டிவியில் நாம் வாய் பிளந்து பார்க்கும் பச்சை அந்த ரைகிராஸ்தான். கோடை முழுக்கக் கிளப்பை மூடிவைக்கவும் அவர்களால் முடிகிறது. அறிவிப்புப் பலகையைப் பார்த்துப் பொங்கும் ஆட்கள் அங்கே குறைவு போலிருக்கிறது.

மண்வாசி:
புல்வெட்டி சொன்ன நோய் சரி, மருந்தில்தான் எனக்குச் சண்டை. 12 மில்லிமீட்டர் டைன் (மண்ணை எடுக்கும் துளைக்குழல்), 50 மில்லிமீட்டர் இடைவெளி என்று வையுங்கள். கணக்குப் போட்டால் ஒரு முறைக்குப் பரப்பில் நாலரை சதவீதம்தான் வெளியே வருகிறது. மிச்சம் 95 சதவீதத்துத் தாட்ச் அப்படியே இருக்கிறது. இதற்குத்தான் மூன்று வாரம் கிரீனைக் கெடுக்கிறீர்கள். வளரும் பருவம் முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெல்லிய மணல் தூவித் தேய்த்துவந்தால் சேரும் கழிவோடு மணல் கலந்துகொண்டே போகும், அடுக்காகத் தங்காது. ஆடுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

இன்னொன்று. கிரீனில் களையாக வரும் போவா அனுவா என்ற புல்லின் விதை முளைப்பதும் இதே பருவத்தில்தான், மண் வெப்பம் 21 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது. அந்த நேரத்தில் ஆயிரக்கணக்கில் துளை போட்டுத் திறந்து வைத்தால், வேண்டாத புல்லுக்கு நீங்களே நாற்றங்கால் போட்டுக் கொடுக்கிறீர்கள்.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். மேல் 2 சென்டிமீட்டர், அடுத்த 2, அதற்கடுத்த 2 என்று தனித்தனியாக அறுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் கரிமப்பொருள் எவ்வளவு என்று எண்ணாகவே வரும். கட்டுக்குள் இருந்தால் இந்த வருஷம் துளையே வேண்டாம்.

புல்வெட்டி:
போவா விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் கோடை வெக்கை தணிந்த உடனே, முளைப்பு உச்சத்துக்கு வருமுன் போட்டுவிட வேண்டும் என்று நாங்கள் அடித்துக்கொள்கிறோம். ‘இன்னும் ரெண்டு போட்டி முடியட்டும்’ என்று தள்ளிவிடுவது யார்? துளை போவா முளைக்கும் வாரத்தில் போய் விழுவதற்குப் பாதிக் காரணம் போட்டி அட்டவணைதான்.

மற்றதில் உடன்பாடில்லை. 1960-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. வெளியிட்ட முறைப்படி 30 சென்டிமீட்டர் மணல் கலவையும் அதன் கீழே சரளையும் போட்டுக் கட்டிய கிரீனுக்கு உங்கள் வழி பொருந்தும். அந்த இடத்து மண்ணையே குவித்து மேடாக்கிய பழைய கிரீன்கள் ஏராளம். அடியில் களிமண் இறுகிக் கிடக்க, மேலே மணலை மட்டும் தூவிக்கொண்டே போனால் இறுக்கம் எங்கே போகும்? களிமண்ணுக்குத் தொப்பி வைத்ததுதான் மிச்சம். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மணல் என்று சொல்வது சுலபம். அதற்கு ஆளும் வேண்டும், மணலும் வேண்டும். மணல், புல் வெட்டும் மோவரின் பிளேடையும் தின்னும்.

மண்வாசி:
களிமண் கிரீனுக்குத் துளை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நாலடி பட்டின் கிளப்பில் எந்தக் கிரீன் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியாது. 18-க்கும் ஒரே மருந்து என்பதைத்தான் எதிர்க்கிறேன். மரநிழலில் தேங்கும் கிரீனும் மேட்டில் காற்றாடும் கிரீனும் ஒன்றா?

நாலடி பட்:
இன்று கேட்டுப் பார்த்தேன். பென்ட்கிராஸ், பழைய மண் கிரீன்கள், நான்கு மட்டும் புதிதாக மணலில் கட்டியவை. சோதனை எதுவும் செய்யவில்லையாம். அந்த நான்கையும் சேர்த்துத் துளைப்பது ஏன் என்றதற்கு, ‘மெஷின் வாடகைக்கு வருதே’ என்றார்கள். ஆக, என் கோபம் முழுசாக வீண் இல்லை.

புல்வெட்டி:
அந்தப் பதில் எனக்கும் பிடிக்கவில்லை. நான்கையும் விடச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் மற்ற 14-இல் கை வைக்காதே என்று சொல்லாதீர்கள்.

நாலடி பட்:
அதற்குக்கூடச் சரி என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரம் மழை என்கிறார்களே, அப்போதும் போடுவார்களா?

புல்வெட்டி:
போடக் கூடாது. ஈர மணல் துளைக்குள் இறங்காது, வாயிலேயே அடைத்துக்கொள்ளும், கீழே வெற்றிடம்தான் இருக்கும். மணலும் கிரீனும் காய்ந்திருக்கும் நாளாகப் பார்த்து, துளை விளிம்புவரை நிரப்பித் தேய்க்க வேண்டும். பாதி நிரப்பினால்தான் உங்கள் பந்து வாரக்கணக்கில் குதிக்கும். மூன்று நாள் தள்ளிப்போகட்டும்.

மண்வாசி:
இதில் மட்டும் புல்வெட்டி பக்கம். தள்ளிவைக்கும் அந்த மூன்று நாளில் மண் மாதிரியை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.