கிராம சபைக்குப் போய்ப் போய் அலுத்துவிட்டது, இனியும் போக வேண்டுமா?

பனையடி:
வணக்கம். திருச்சிப் பக்கம் சின்ன ஊராட்சி எங்களுடையது. ஏரிக்கு வரும் வரத்து வாய்க்காலை மேலே இருப்பவர்கள் அடைத்து வேலி போட்டுவிட்டார்கள், ஒவ்வொரு கிராம சபையிலும் எழுந்து சொல்கிறோம், "பதிவு பண்ணிக்கிட்டோம்" என்று பதில் வரும், அதோடு சரி. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களிடம் கையெழுத்து வாங்கி, கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆள் கணக்கை, அதாவது கோரத்தை, சரிக்கட்டிவிடுகிறார்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தலைவர், வார்டு உறுப்பினர் எல்லார் பதவியும் முடிந்து அரசு போட்ட தனி அலுவலர் வந்தாச்சு, இப்போது திட்டுவதற்குக்கூட ஊர்க்காரர் யாரும் இல்லை. ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 243இ பிரிவில் இருக்கிறது, யார் கேட்பது? கூட வந்துகொண்டிருந்த பையன்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். இதற்கு மேலும் போவதில் அர்த்தம் இருக்கிறதா? ஆறுதல் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

மேலூர்க்காரன்:
நடந்ததையே சொல்கிறேன். 2024 நவம்பரில் எங்கள் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக், அதாவது சுரங்கம் தோண்டக் குறித்த நிலம், ஏலம் போய்விட்டது என்று செய்தி வந்தது, 2,000 ஹெக்டேருக்கு மேல், அதில் அரிட்டாபட்டியும் உண்டு. சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, குடைவரைக் கோயில் எல்லாம் இருக்கிற ஊர், 2022-இல் அரசே பல்லுயிர் மரபுத் தலம் என்று அறிவித்த இடம். நவம்பர் 23 கிராம சபையில் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம், பக்கத்து ஊர்களிலும் போட்டார்கள். டிசம்பர் 9-இல் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. ஜனவரி 7-ஆம் தேதி மேலூர்க் கடைகளை அடைத்துவிட்டு நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரைக்குக் கிளம்பிய கூட்டத்தைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள், டிராக்டரில் பாட்டிகள், கைக்குழந்தையோடு பெண்கள், எந்தச் சாதி எந்தக் கட்சி என்று பார்க்காமல் ஊர் ஊராக வந்தார்கள். ஜனவரி 23-இல் ஏலம் ரத்து. அதற்கப்புறம் ஆளாளுக்கு "எங்களால்தான்" என்று உரிமை கொண்டாடினார்கள், அது இருக்கட்டும்.

வெயிலோன்:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது அண்ணே. ஆனால் அங்கே மலை இருந்தது, கல்வெட்டு இருந்தது, டிவிக்காரன் வந்தான். இவர் ஊர் வாய்க்காலுக்கு யார் வருவார்? பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரத்தில் 2022-இல் இருந்து போராடுகிறார்கள், கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள், 2024 மக்களவைத் தேர்தலையே புறக்கணித்தார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஒற்றுமை அங்கேயும் இருந்ததுதானே? ஜெயித்த ஊரை மட்டும் காட்டி நம்பிக்கை கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

குறிஞ்சி:
வெயிலோன் சொல்வது நியாயம். தீர்மானம் போட்டாலே நின்றுவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒடிசாவில் நியமகிரி மலையில் 2013-இல் 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றதும் திட்டம் நின்றது என்றால், வன உரிமைச் சட்டம் கையில் இருந்தது, உச்ச நீதிமன்றமே கிராம சபையைக் கேள் என்று சொல்லியிருந்தது. ஏகனாபுரத்துக்கு அந்தப் பிடி கிடையாது.

ஆனால் பனையடி தம்பி, உங்களுக்குப் பிடி இருக்கிறது, அது கூட்டத்தில் எழுந்து பேசுவதில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. ராஜஸ்தானில் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்கிற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற அமைப்பு முதல் பொது விசாரணையை நடத்தியது. செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை, அரசாங்க வேலையின் கூலிப் பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவன் பெயரில் கூலி எழுதியிருக்கிறது, அவனே எழுந்து "நான் போகவே இல்லையே" என்கிறான். அப்புறம் அரசாங்கக் கணக்கைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996-இல் பியாவரில் 40 நாள் தர்ணா, அங்கிருந்து வளர்ந்துதான் 2005 தகவல் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) வந்தது. நீங்கள் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கிற உரிமை அந்தக் கூலிக்காரர்கள் வாங்கிக் கொடுத்தது.

இப்போது வாய்க்காலுக்கு வருவோம். முதலில் ஏரி யாருடையது என்று பாருங்கள், ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்து ஏரி, மேலே என்றால் நீர்வளத் துறை. பாதிப் பேர் தப்பான ஆபீஸில் மனு கொடுத்துவிட்டுத்தான் காத்திருக்கிறார்கள். வாய்க்காலின் சர்வே எண்ணை எடுத்து, எங்கிருந்து எங்கே வரை அடைத்திருக்கிறார்கள் என்று எழுதி, அந்தத் தண்ணீரில் பாய்ச்சுகிற எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கூட்டத்துக்கு முன்பே கொடுங்கள். கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்காமல் கையெழுத்துக் கிடையாது. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவது பல ஊரில் நடக்கிறது, அதனால் கடைசி வரிக்கு ஒட்டியே போடுங்கள், பக்கத்தைப் போனில் படம் எடுங்கள், பிறகு ஆர்டிஐயில் நகலும் கேளுங்கள். நூறு நாள் வேலைப் பெண்களைக் கோரத்துக்கு வந்தவர்கள் என்று ஒதுக்காதீர்கள் தம்பி. 500 பேருக்கு மேல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வேண்டும், அந்த நூறில் பெரும்பாலும் அவர்கள்தான் இருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்துப் போட மாட்டோம் என்றால் கூட்டமே இல்லை.

பனையடி:
அக்கா, இந்தக் கடைசி விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் தெருவிலேயே பத்துப் பேர் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள், அவர்கள் வயலும் அதே ஏரியில்தான் பாய்கிறது. அக்டோபர் 2 கிராம சபைக்குள் சர்வே எண்ணை எடுத்துவிடுவோம். ஒரு சந்தேகம், தனி அலுவலர் தலைமையில் நடக்கிற கூட்டத்தில் போட்ட தீர்மானம் செல்லுமா?

குறிஞ்சி:
செல்லும். தலைவருடைய அதிகாரம்தான் அவரிடம் இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்தச் சொல்லி இன்னொரு தீர்மானத்தையும் எழுதிக்கொண்டு போய் அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.