5 கோடி 60 இலட்சம் ஆண்டுக்கு முந்தின சூட்டில பிளாந்தன் அழிஞ்சதோ? கீரிமலைக் கல்லில பார்க்கலாமோ?

உயர்தரம்_உயிரியல்:
பாலியோசீன் முடிஞ்சு இயோசீன் தொடங்கேக்க பூமி 5–6 பாகை சூடேறினது எண்டு வாசிச்சன். அப்ப கடல்ல மிதந்த பிளாந்தன், அதாவது போராமினிபெரா, கொக்கோலித்தோபோர் எண்ட சுண்ணாம்பு ஓட்டு நுண்ணுயிர் எல்லாம் செத்துப்போச்சுதோ? ஆழ்கடல் அடியைத் துளைச்சு எடுத்த மண் தூண் படம் ஒண்டில வெள்ளைச் சேற்றுக்கு நடுவில சிவப்புக் களிப்படை, அதுக்குள்ள ஓடே இல்லை. கீரிமலை, காங்கேசன்துறைச் சுண்ணாம்புக்கல்லில அந்தக் காலத்து ஓடு கிடைக்குமோ? செயற்திட்டத்துக்குக் கல்லை வினாகிரியில ஊறப்போட்டால் ஓடு பிரியும் எண்டு ஒராள் சொன்னார். சரியோ? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

சுண்ணக்களி:
வினாகிரியைத் திருப்பிக் குசினியில வையுங்கோ தம்பி. ஓடும் கல்சியம் காபனேற்று, சுத்தியிருக்கிற கல்லும் கல்சியம் காபனேற்று. நுரைச்சு முடிய அடியில மிஞ்சுறது களியும் மணலும்தான்.

நீங்கள் பார்த்த சிவப்புப் படையும் அப்பிடி மிஞ்சினதுதான். 2003 இல ஜோய்டெஸ் ரெசொல்யூசன் எண்ட ஆய்வுக் கப்பல் தென் அத்திலாந்திக்கில வால்விஸ் எண்ட கடலடி முகட்டில, ஏறத்தாழ 2.5 கிலோமீற்றர் தொடங்கி 4.8 கிலோமீற்றர் வரைக்கும் வேற வேற நீராழத்தில துளைச்சுது. அந்தத் தூண்களில ஓடு நிறைஞ்ச வெள்ளைச் சேறு சடாரெண்டு நிண்டு களி தொடங்குது. பிறகு மெல்ல மெல்லத்தான் வெள்ளை திரும்புது. ஆயிரக்கணக்கான கிகாதொன் காபன் வளியில ஏறிக் கடலுக்குள்ள இறங்க, நீரில காபனேற்று அயன் குறைஞ்சுது. ஒரு ஆழ எல்லைக்குக் கீழ போனால் ஓடு கரையும்; அந்த எல்லை அங்க 2 கிலோமீற்றருக்கும் கூடின தூரம் மேல்நோக்கி ஏறி வந்தது. மேல் நீரில வாழ்ந்து செத்து விழுந்த ஓடும் கரைஞ்சுது, முன்னமே படிஞ்சு கிடந்ததும் கரைஞ்சுது. அதால அந்தக் களியைக் காட்டிப் ‘பிளாந்தன் அழிஞ்சது’ எண்டு எழுதாதேங்கோ. அங்க இல்லாமப் போனது ஓடு, உயிர் இல்லை.

எண்ணிக்கை எடுக்கிறாக்கள் இதிலதான் மாட்டுப்படுறது. மெல்லிய ஓடு முதல் கரையும், தடிச்ச ஓடு மிஞ்சும். உடைஞ்ச துண்டு எவ்வளவு எண்டு பார்க்காமல் இனங்களுக்குச் சதவீதம் போட்டால், தடிச்ச ஓட்டு இனம் பெருகினமாதிரி ஒரு பொய்க்கணக்கு வரும்.

உண்மையில அடிவாங்கினது ஆழ்கடல் தரையில வாழ்ந்த போராமினிபெரா. அதில 30–50 சதவீத இனம் அழிஞ்சுது.

நுணுக்குக்காட்டி:
மேல சொன்னது சரி. மிதந்ததுகள் பெரும்பாலும் இடம் மாறினதுகள். 2004 இல ஆட்டிக் சமுத்திரத்தில, லொமொனொசொவ் முகட்டில எடுத்த மண்ணில அபெக்ரோடினியம் எண்ட டைனோபிளாஜலேற்றின்ர (இதுவும் ஒரு வகைப் பிளாந்தன்) கூடு குவிஞ்சு கிடந்தது. அது சூட்டு நீர் விரும்பி. அங்க மேற்பரப்பு நீர் 18 பாகையில இருந்து 23 பாகைக்கு மேல போயிருக்குது. இந்தக் கூடு சேதனப் பொருள், அமிலத்தில கரையாது. அமிலம் போட்டுப் பிரிக்கிறது இதுக்குத்தான் பொருந்தும். ஆனால் அதுக்கு ஐதரோபுளோரிக்கமிலமும் வேணும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில அதைத் தொடக்கூடாது.

சூட்டுக்கடலில மொரொசொவெல்லா அல்லிசொனென்சிஸ், அகரினினா சிபையாயென்சிஸ் எண்டு ரெண்டு போராமினிபெரா அந்தச் சூட்டோட வந்து, சூடு தணிய மறைஞ்சுது. கொக்கோலித்தோபோர் மாதிரியான நுண்பிளாந்தனில டிஸ்கோஆஸ்டர் அரேனியஸ் எண்டு கை கோணின நட்சத்திரம் ஒண்டும் அப்பிடித்தான்.

உயிரோட இருந்தாலும் சுகமா இருந்ததோ எண்டு பார்க்கவும் வழி இருக்குது. மேல் நீர் போராமினிபெரா சிலதுக்குள்ள பாசி குடியிருக்கும். பாசி ஒளித்தொகுப்புக்குக் காபன்-12 ஐக் கூட எடுக்கிறதால, பெரிய ஓட்டில காபன்-13 விகிதம் கூடும். அதால ஓடுகளை முதல் அளவுவாரியாச் சலிச்சு, ஒவ்வொரு அளவுக்கும் இந்தக் காபன் சமதானி (காபன்-12, காபன்-13) விகிதத்தை அளக்கிறது. அளவு கூடியும் விகிதம் ஏறாமல் வரைபு தட்டையாக் கிடந்தால் பாசி வெளியேறிட்டுது எண்டு கொள்ளலாம், பவளம் வெளிறுறமாதிரி. 4 கோடி ஆண்டுக்கு முந்தின நடு இயோசீன் சூட்டில அகரினினாவுக்கு இது தெளிவாத் தெரிஞ்சுது.

உயர்தரம்_உயிரியல்:
விளங்குது, நன்றி. அப்ப கீரிமலைக் கல்லு?

சுண்ணக்களி:
அது மயோசீன் கல்லு. மயோசீன் தொடங்கினதே 2 கோடி 30 இலட்சம் ஆண்டுக்கு முன்னம்தான். நீங்கள் தேடுற சூடு அதுக்கு 3 கோடி ஆண்டுக்கு மேல முந்தினது, அதால அதில கிடைக்காது. படிஞ்சதும் ஆழமில்லாத கடலில. மிதக்கிற இனத்தைவிடத் தரையில வாழ்ந்த பெரிய போராமினிபெராவைத்தான் எதிர்பார்க்கலாம். ஆனால் ஓட்டைப் பார்க்கப் பழக நல்ல கல்லு.

கல்லு இறுக்கம், ஊறவைச்சுப் பிரிக்கேலாது. 5 மில்லிமீற்றர்த் தகடா வெட்டுவியுங்கோ. தடிச்ச கண்ணாடியில தண்ணி விட்டு, காபொரண்டம் எண்ட தேய்ப்புத் தூள் 400, பிறகு அதைவிட நுண்ணிய 600, பிறகு 1000 போட்டு ஒரு பக்கத்தைத் தேயுங்கோ. ஒவ்வொரு தூளுக்கும் கண்ணாடி வேற, இல்லாட்டி நல்லாக் கழுவவேணும். முதல் தூளில ஒரு மணி மிஞ்சினாலும் கடைசியில கீறல் விழும். ஒரே இடத்தில தேய்ச்சால் கண்ணாடி குழிஞ்சு தகட்டின்ர ஓரம் மெலியும், எட்டு வடிவில தேயுங்கோ. தேய்ச்ச முகத்தைக் காயவிட்டுத்தான் எப்பொக்சிப் பசையால நுணுக்குக்காட்டிக் கண்ணாடி வழுக்கியில ஒட்டவேணும். ஈரம் இருந்தால் குமிழ் வரும், குமிழை ஓட்டின்ர அறை எண்டு நினைச்சு வரைஞ்சு குடுத்தாக்கள் இருக்கினம். மற்றப் பக்கத்தை 0.05 மில்லிமீற்றர் வரை தேய்ச்சால் போராமினிபெராவுக்குக் காணும். பாறையின்ர கனியம் பார்க்கிறமாதிரி 0.03 வரைக்கும் போகத் தேவையில்லை, அதுக்குள்ள கனபேரின்ர தகடு தேய்ஞ்சே போயிடும்.

நுணுக்குக்காட்டி:
தனி ஓடாக் கையில வேணுமெண்டால் கடல் மணல் அல்லது களப்புச் சேறு எடுங்கோ. 50 கிராம் போதும். சேறெண்டால் களியைப் பிரிக்கிற கல்கன் எண்ட உப்புக் கரைசலில ஒரு இராத்திரி ஊறவிட்டு, 63 மைக்குரோமீற்றர் அரிதட்டில மெல்லிய தண்ணித் தாரையால கழுவுங்கோ. விரலால தேய்க்கக்கூடாது, ஓடு நொருங்கும். கழுவ எங்கட கிணத்துத் தண்ணியே நல்லம். காய்ச்சி வடிச்ச நீர் காத்தில கிடந்து காபனீரொட்சைட்டை இழுத்து மெல்லிசா அமிலமாகும், கனநேரம் ஊறினால் ஓட்டின்ர மேற்பரப்பை அரிக்கும். கிணத்துத் தண்ணியில வேற தொல்லை: காய்ஞ்சதும் வெள்ளைப் படிவு ஓட்டில ஒட்டும். அதால கடைசியில மட்டும் வடிச்ச நீரை ஒருக்கா ஊத்தி, உடன வடிச்சு, 50 பாகைக்குக் கீழ காயவையுங்கோ.

பிறகு 150 மைக்குரோமீற்றருக்கு மேல உள்ளதைக் கறுத்தத் தட்டில ஒரு கரண்டி நுனியளவு தூவி, 000 இலக்கத் தூரிகையை நனைச்சு ஒவ்வொண்டா எடுங்கோ. கூடக் கொட்டினால் மணலுக்குப் பின்னால ஓடு மறையும்.