லிப்போஹைபர்ட்ரோபி: நோயாளியிடம் சொல்ல என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கான கையேட்டில் ஒரு சொல் இடிக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் தோலுக்கடியில் கொழுப்புத் திரண்டுகொள்ளும், அதுதான் லிப்போஹைபர்ட்ரோபி. இன்சுலினுக்கே கொழுப்பை வளர்க்கும் குணம் உண்டு. இதை 'கொழுப்பு மிகைவளர்ச்சி' என்று எழுதினால், உடம்பு பெருப்பதைச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். 'கட்டி' என்றால் சீழ், ஆபரேஷன், புற்றுநோய் என்று பயம் ஓடும். 'தடிப்பு' அரிப்போடு வருவது. 'காய்ப்பு' நல்ல சொல், ஆனால் அது தோலிலேயே இறுகுவது. இது தோலுக்குக் கீழே.

'ஊசிமேடு' எப்படி? அரிதாக இதற்கு நேர்மாறாகக் கொழுப்புக் கரைந்து தோல் உள்வாங்குமே, லிப்போஅட்ரோபி, அதை 'ஊசிக்குழி' எனலாம்.

———

வணக்கம் டாக்டர்.

ஊசிக்குழி சரி. மேட்டில்தான் தயக்கம். மேடு என்றால் நோயாளி சட்டையைத் தூக்கி, குனிந்து பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லையே சிஸ்டர்" என்பார். பல இடங்களில் துருத்திக்கொண்டு எதுவும் தெரியாது, தொட்டால்தான் பிடிபடும். விரல் நுனியில் கொஞ்சம் லோஷனோ சோப்புத் தண்ணீரோ தடவிக்கொண்டு, நல்ல தோலிலிருந்து ஊசி போடும் இடத்தை நோக்கி மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் விரல் தட்டும். அங்கே கிள்ளிப் பிடித்தால் மடிப்பு மெல்லிசாக வராது, ரப்பர் மாதிரி தடித்து நிற்கும். நிற்க வைத்து ஒரு தரம், படுக்க வைத்து ஒரு தரம் பார்க்க வேண்டும்.

அங்கே வலியும் குறைவு. அதனாலேயே அந்த இடத்தையே தேடிப் போவார்கள். மருந்தோ ஒரு நாள் மெதுவாக ஏறும், ஒரு நாள் சட்டென்று ஏறும். சர்க்கரை நிலையில்லாமல் ஆடும். போதவில்லை என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

'ஊசித்திட்டு' என்று வைத்தால் என்ன?

———

சிஸ்டர், திட்டு என்றதும் நம் ஆட்கள் நிறத்தைத்தான் தேடுவார்கள். வெள்ளைத் திட்டு, கருந்திட்டு என்று பழகிவிட்டது. இதில் நிறம் மாற வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன குறை நியாயமானது, ஆனால் அதைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம், பக்கத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடலாம். விரலுக்கும் மேடு மேடுதான். கையேட்டுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

"ஊசிமேடு கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். வாரம் ஒரு முறை தடவிப் பாருங்கள். இருந்தால் அங்கே ஊசி போடாதீர்கள். அது அமுங்கப் பல மாதங்கள் ஆகலாம். வயிற்றை நான்கு பாகமாக்கி, வாரத்துக்கு ஒரு பாகம் வைத்துக்கொள்ளுங்கள். முந்தின ஊசிக்கு ஒரு விரல் தள்ளி அடுத்தது. தொப்புளைச் சுற்றி இரண்டு விரற்கடை விட்டுவிடுங்கள். ஊசிமுனையைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்."

———

இதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன், ஊசிமேடே இருக்கட்டும். ஆனால் டாக்டர், இப்படியே அச்சுக்குப் போனால் ஆபத்து. மேட்டை விட்டு நல்ல இடத்துக்கு மாறியதும் அதே டோஸ் முழுதாக வேலை செய்யும், சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். 20 சதவீதமோ அதற்கு மேலோகூடக் குறைக்க வேண்டி வருகிறது. எவ்வளவு என்பதை ஆளுக்கு ஆள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே "அங்கே ஊசி போடாதீர்கள்" என்பதை ஒட்டியே இதைச் சேருங்கள்:

"இடம் மாற்றும் முன் மருத்துவரிடம் டோஸைக் கேளுங்கள். மாற்றிய நாட்களில் சர்க்கரையை அடிக்கடி சோதியுங்கள். வியர்த்து, கை நடுங்கி, படபடத்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை குடியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்."